507 கிலோமீட்டர், ஒரு மணி எட்டு நிமிடம்: விமானத் தூரம் காட்டும் தளங்கள் பற்றித் திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

இரண்டு நகரங்களின் பெயர்களைக் கொடுத்தால், அவற்றுக்கு இடையிலான விமானத் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் உடனே காட்டும் இலவச இணையத்தளங்கள் இன்று பல இருக்கின்றன. பயண முகவரிடம் போவதற்கு முன் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் திருகோணமலையிலும் பரவியிருக்கிறது. சென்னைக்கு வைத்தியத்துக்காகப் போகிறவர்களும், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறவர்களும் முதலில் கைப்பேசியில் தட்டிப் பார்ப்பது இத்தகைய பக்கங்களைத்தான். பெயர்களும் தோற்றமும் வேறுபட்டாலும் உள்ளே நடக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றே என்பதால், அவற்றை ஒரே சேவையாகக் கொண்டு, நம் ஊரிலிருந்து புறப்படும் ஒருவருக்கு அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: அவை காட்டும் தூரத்தை நம்பலாம், அவை காட்டும் நேரத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது.

தூரத்தை ஏன் நம்பலாம் என்பதற்குக் காரணம் எளியது. இத்தளங்கள் பெரும்பாலும் பூமியை ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர் ஆரையுள்ள ஒரு கோளமாகக் கொண்டு, இரண்டு இடங்களின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் வைத்து, அதன் மேற்பரப்பில் அமையக்கூடிய மிகக் குறுகிய பாதையைக் கணிக்கின்றன. பெருவட்டப் பாதை என்று சொல்லப்படுவது இதுவே. உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. நடுக்கோட்டு ஆரைக்கும் துருவ ஆரைக்கும் இடையே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் வேறுபாடு உண்டு. ஆயினும் அதனால் வரும் பிழை அரை சதவீதத்தைத் தாண்டுவதில்லை. திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையத்திலிருந்து கொழும்பின் சர்வதேச விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கு 208 கிலோமீட்டர் என்று ஒரு தளம் காட்டினால், அதில் ஒரு கிலோமீட்டர் முன்பின்னாக இருக்கலாம், அவ்வளவுதான்.

ஐயம் உள்ளவர்கள் கையாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். சீனக்குடா ஏறத்தாழ 8.54 பாகை வட அகலக்கோட்டிலும், சென்னை விமான நிலையம் 12.99 பாகையிலும் இருக்கின்றன. வேறுபாடு 4.45 பாகை; அகலக்கோட்டில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆகையால், வடக்கு நோக்கி 494 கிலோமீட்டர் வருகிறது. சென்னை நமக்கு நேர் வடக்கே இல்லாமல் சற்று மேற்கே, ஏறத்தாழ ஒரு பாகை தள்ளி இருப்பதால், அந்த 110 கிலோமீட்டரையும் செங்கோண முக்கோணக் கணக்கில் சேர்த்தால் 507 கிலோமீட்டருக்கு அருகே வந்து நிற்கும். தளங்கள் காட்டும் எண்ணும் இதுவே. பாடசாலைக் கணிதம் படித்த எவரும் ஒரு தாளில் செய்து பார்க்கக்கூடிய இந்தக் கணக்கை, உலகின் எந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரே நொடியில் செய்து தருவது உண்மையிலேயே பயனுள்ள சேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

தூரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது அலகு. கிலோமீட்டர், மைல், கடல் மைல் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டுவது இத்தளங்களின் வழக்கம். கட்டுநாயக்கவுக்கான அதே தூரம் 208 கிலோமீட்டர், 129 மைல், 112 கடல் மைல் என மூன்று வடிவில் வரும்போது, அவசரத்தில் 112 என்பதைக் கிலோமீட்டராக எடுத்துக்கொள்வது எளிது. விமானத்துறையில் கடல் மைலே வழக்கு, அது 1.852 கிலோமீட்டர். நமக்கு வேண்டியது கிலோமீட்டர் என்றால் அமைப்பில் அதை மட்டும் தெரிவுசெய்துவிடுவது நல்லது.

இரண்டாவது, எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள் என்பது. சில தளங்கள் நகரின் நடுவிலிருந்து அளக்கின்றன. சில விமான நிலையத்திலிருந்து அளக்கின்றன. நகரத்துக்கும் சீனக்குடாவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். உள்துறைமுகத்தைச் சுற்றி வீதியால் போனால் அதைவிடக் கூடும். லண்டன் பயணத்தில் இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. கொழும்பை அடுத்த இரத்மலானைக்கோ யாழ்ப்பாணத்தின் பலாலிக்கோ பார்க்கிறவர்கள் மட்டும் இதை நினைவில் வைத்திருக்கலாம்.

தேடல் பெட்டி பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியவுடனேயே திருகோணமலை, திருச்சிராப்பள்ளி, திருவனந்தபுரம் ஆகிய மூன்றும் வரிசையாக வந்து நிற்கும் தளங்கள் உண்டு. விமான நிலையங்களின் மூன்றெழுத்துச் சர்வதேசக் குறியீடுகளும் அப்படியே: நம்முடையது டிஆர்ஆர், திருச்சியுடையது டிஆர்இசட், திருவனந்தபுரத்துடையது டிஆர்வி. சிறிய திரையில் விரல் சற்று நழுவினால் வேறு ஊரின் தூரம் வந்துவிடும். எண் மட்டும் பெரிதாகத் தெரிவதால் பிழை கண்ணில் படுவதும் இல்லை. ஊரின் பெயருக்கு அருகே நாட்டின் பெயரையும் பெரிய எழுத்தில் காட்டினால் இந்தச் சங்கடம் தீரும். வரைபடத்தில் கோட்டையும் சேர்த்து வரையும் தளங்கள் இந்த வகையில் மேலானவை. குறியீடுகளைத் தட்டினால் பெருவட்டப் பாதையை உலகப் படத்தில் வரைந்து தரும் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்னும் தளத்தை இதற்காகவே நான் விரும்புகிறேன். கோடு எந்த நாட்டில் போய் முடிகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது.

இனி நேரத்துக்கு வருவோம். இந்தச் சேவையின் பலவீனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான தளங்கள் தூரத்தை ஒரு நிலையான வேகத்தால், வழக்கமாக மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணித்தியாலத்தைக் கூட்டிக் காட்டுகின்றன. அந்த வேகம் பெரிய ஜெட் விமானத்தின் வேகம். கொழும்பிலிருந்து சென்னைக்குள்ள 647 கிலோமீட்டரை இந்த முறையில் 800ஆல் கணித்தால் ஒரு மணி பத்தொன்பது நிமிடம் வருகிறது. உண்மையான கால அட்டவணைக்கு அது பெரிதும் விலகியதல்ல. ஆனால் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பது ஏடிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். அந்த 356 கிலோமீட்டருக்குத் தளம் சொல்லும் நேரம் 57 நிமிடம். பயணச்சீட்டில் அச்சிட்டிருப்பது ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியே இருக்கும். எந்த வகை விமானம் அந்த வழியில் பறக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காத வரையில் குறுந்தூரப் பயணங்களுக்கு இந்த எண் பொருந்தாது.

சீனக்குடாவிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் பார்த்தால் அதே முறை 46 நிமிடம் என்று விடை தருகிறது. சினமன் எயார் போன்ற உள்நாட்டுச் சேவையில் பயன்படும் செஸ்னா கரவன் விமானமும், வழியில் எங்கும் இறங்காமல் வந்தால், ஏறக்குறைய அவ்வளவு நேரமோ சற்றுக் கூடவோதான் எடுக்கும். இதைப் பார்த்து, கணிப்பு நுட்பமானது என்று எண்ணிவிடக் கூடாது. கரவன் ஒற்றை இயந்திரம் கொண்ட சிறு விமானம். மணிக்கு 300 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் பறப்பது. தளம் ஜெட்டின் வேகத்தைக் கொண்டு 16 நிமிடத்தில் பறந்துவிட்டு, அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொண்டு, கரவனின் நேரத்துக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது. இது தற்செயலான பொருத்தம். அடுத்த வழிக்கு இதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. திருகோணமலைக்கும் சென்னைக்கும் என்று கேட்டால், 507 கிலோமீட்டர், ஒரு மணி எட்டு நிமிடம் என்று அது தயங்காமல் சொல்கிறது. அப்படி ஒரு பயணிகள் விமானமே இல்லை என்பதை எங்கும் சொல்வதில்லை. சீனக்குடா விமானத்தளம் பிரித்தானியர் காலத்திலிருந்தே முதன்மையாகப் படைத்துறைக்கு உரியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தோடு சேர்த்துத் தாக்கியதும் அந்தத் தளத்தைத்தான். இன்று அங்கே இலங்கை விமானப்படையின் கல்விக்கழகம் இயங்குகிறது. உள்நாட்டுச் சிறு விமானங்கள் வந்து போகின்றனவே தவிர, வெளிநாட்டுக்கு ஒழுங்கான பயணிகள் சேவை அங்கிருந்து கிடையாது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு போட முடியும் என்பதற்கும், அந்தக் கோட்டில் ஒரு விமானம் பறக்கிறது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு வரியில் குறிப்பிடுவது தளங்களுக்குக் கடினமான காரியம் அல்ல.

அந்த ஒரு வரி இல்லாததால் என்ன நேர்கிறது என்பதற்கு எங்கள் அயலில் வசிக்கும் ஓர் அக்கா நல்ல உதாரணம். கண் சிகிச்சைக்காகத் தாயாரைச் சென்னைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருந்த அவர், கைப்பேசியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "தம்பி, ஒரு மணித்தியாலம் எட்டு நிமிசம் எண்டு காட்டுது. அப்ப விடிய வெளிக்கிட்டா மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரியில நிக்கலாம்தானே?" என்று கேட்டார். வைத்தியரிடம் அன்று பிற்பகலுக்கே நேரம் குறிக்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது. நான் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். வீட்டிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வீதியால் ஐந்தரை முதல் ஆறு மணித்தியாலம். விமானம் புறப்பட மூன்று மணித்தியாலத்துக்கு முன் அங்கே நிற்க வேண்டும். பறக்கும் நேரம் ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் குடிவரவுப் பகுதியைக் கடந்து பொதிகளை எடுக்க ஒரு மணித்தியாலம். அதன்பின் நகரத்து நெரிசல். மொத்தத்தில் பதினொரு மணித்தியாலத்துக்குக் குறையாது. அதில் விமானம் வானத்தில் இருப்பது ஏழில் ஒரு பங்குகூட ஒழுங்காக வராது. அந்த முதிய தாய்க்குத் தெரிய வேண்டியிருந்தது அந்தப் பதினொரு மணித்தியாலம்தான்: எங்கே இளைப்பாறுவது, மருந்தை எப்போது எடுப்பது, எந்த நாளில் போய்ச் சேர்ந்து எந்த நாளில் வைத்தியரைப் பார்ப்பது என்பனவெல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

பறக்கும் தூரத்துக்கும் போய்ச் சேரும் பாதைக்கும் உள்ள இடைவெளி நம் மாவட்டத்தாருக்குப் புதியதல்ல. திருகோணமலை நகரிலிருந்து மூதூர் கொட்டியாரக் குடாவின் குறுக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர்; வீதியால் கிண்ணியாவைச் சுற்றிப் போனால் அதன் இரு மடங்குக்கும் மேல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அந்த வீதியும் பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் தொடர வேண்டியிருந்தது. நேர்கோடு குறுகியது என்பதால் பயணம் குறுகிவிடாது என்பதை இவ்வளவு அருகிலிருந்து அறிந்தவர்கள்கூட, திரையில் ஓர் எண் தெளிவாகத் தெரிந்ததும் அதை அப்படியே ஏற்றுக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது.

அப்படியானால் இந்தச் சேவையால் என்ன பயன் என்று கேட்கலாம். எந்த விமான நிலையத்தால் போவது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது மிக நன்றாக உதவுகிறது. சென்னைக்குப் போகும் ஒருவர் கட்டுநாயக்கவால் போனால், முதலில் தென்மேற்கே 208 கிலோமீட்டர் போய், பிறகு வடக்கே 647 கிலோமீட்டர் திரும்பி வருகிறார்: நேர்கோட்டுக் கணக்கில் மொத்தம் 855. பலாலியால் போனால் 185உம் 356உம் சேர்ந்து 541 மட்டுமே. நேரடித் தூரமான 507ஐவிட 34 கிலோமீட்டர்தான் கூடுதல். திருச்சிக்கு இந்த ஒப்பீடு இன்னும் வியப்பைத் தருகிறது. சீனக்குடாவிலிருந்து பலாலி 185 கிலோமீட்டர். பலாலியிலிருந்து திருச்சி 184 கிலோமீட்டர். சீனக்குடாவிலிருந்து திருச்சி நேராக 367 கிலோமீட்டர். பலாலி ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே, அதுவும் சரிபாதியில் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்து இதை ஊகிப்பது கடினம். இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்தவுடன் விளங்கிவிடுகிறது.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, கொவிட் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது. 2024இல் இன்டிகோ நிறுவனமும் அங்கு வந்தது. திருச்சிச் சேவை 2025இல் தொடங்கப்பட்டது. எனவே இந்த ஒப்பீடு வெறும் கற்பனைப் பயிற்சி அல்ல.

இருந்தாலும் 855க்கும் 541க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அப்படியே நேரமாக மாற்றிவிடக் கூடாது. தரைவழியில் இரண்டு விமான நிலையங்களும் நமக்கு ஏறக்குறைய சம தூரத்திலேயே இருக்கின்றன. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியே கட்டுநாயக்கவுக்குப் போனாலும், ஹொரவப்பொத்தானை, வவுனியா, கிளிநொச்சி வழியே பலாலிக்குப் போனாலும், 240 முதல் 250 கிலோமீட்டர் வரை வீதியில் ஓட வேண்டும். முதல் வழியில் 2022இல் திறக்கப்பட்ட மீரிகம – குருநாகல் அதிவேகப் பாதை சிறிது உதவும். ஆனால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் யானைகள் வீதியில் நிற்கும் என்பதால் சாரதிகள் வேகத்தைக் குறைத்தே ஓட்டுவார்கள். இரண்டாவது வழியில் வவுனியாவுக்கு அப்பால் வீதி நேராகவும் நெரிசல் இல்லாமலும் இருக்கும். பலாலி சிறிய நிலையம் என்பதால் வரிசைகளும் சிறியவை. என் மதிப்பில், முதியவர்களை அழைத்துச் செல்வோருக்குப் பலாலி மேலானது. ஆனால் அங்கிருந்து ஒரு நாளில் புறப்படும் விமானங்கள் மிகச் சிலவே. நினைத்த நேரத்துக்கு விமானம் வேண்டும் என்போருக்கும் பொதி மிகுதியாக உள்ளோருக்கும் கட்டுநாயக்கதான் வழி. இந்த முடிவுக்கு வேண்டிய பாதித் தகவலைத் தளம் தருகிறது. மற்றப் பாதியை வீதி தெரிந்தவர்களிடம் கேட்டே அறிய வேண்டும்.

நெடுந்தூரப் பயணங்களில் இந்தச் சேவை தன் தகுதியை நன்றாகவே காட்டுகிறது. கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு ஏறத்தாழ 8,715 கிலோமீட்டர் என்றும், ஏறக்குறைய பதினொரு மணித்தியாலம் என்றும் வரும் கணிப்பு நேரடி விமானத்தின் நேரத்துக்கு நெருக்கமானது. தூரம் கூடக்கூட அந்த அரை மணித்தியாலக் கூட்டலின் பிழை கரைந்துவிடுகிறது. டோஹாவில் மாறிப் போனால் 3,612உம் 5,241உம் சேர்ந்து 8,853 கிலோமீட்டர். நேர்வழியைவிடக் கூடுவது 140 கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே டோஹாவால் போவது சுற்றுவழி என்று எண்ணுவோர், தங்கள் பயணத்தை நீட்டுவது அந்த வழி அல்ல, அங்கே அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரமே என்பதைப் புரிந்துகொள்ளலாம். பயணச்சீட்டைத் தெரிவுசெய்யும்போது பார்க்க வேண்டியது அதுதான்.

இங்கும் இரண்டு விடயங்களைத் தளங்கள் கவனிப்பதில்லை. ஒன்று காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்றினால் லண்டனுக்குப் போகும் பயணம் வழக்கமாக நீண்டும், திரும்பும் பயணம் குறுகியும் இருக்கும். தளம் இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தருகிறது. மற்றது, போர் நடக்கும் நாடுகளின் வான்வெளியை விமானங்கள் தவிர்த்துச் செல்வது. அப்போது உண்மையான பாதை பெருவட்டத்திலிருந்து நெடுந்தூரம் விலகிவிடும். நேர வேறுபாட்டைச் சேர்த்துக் காட்டும் வசதி மட்டும் சரியாக இயங்குகிறது. 2006 ஏப்ரல் முதல் நம் நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் சென்னைக்கு அது தேவையில்லை. லண்டன் நேரமோ குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் கோடையில் நாலரை மணித்தியாலமும் பின்தங்கியிருக்கும். இரவில் தொலைபேசி எடுத்து உறவினரின் தூக்கத்தைக் கலைக்காமலிருக்க அந்த வசதி உதவும்.

விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலவசச் சேவைக்கு அது விலை. ஆனால் விமானமே பறக்காத வழிக்குக் கீழே "பயணச்சீட்டு வாங்குங்கள்" என்னும் பொத்தானை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை அழுத்தினால் கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் சீட்டுகள் வந்து நிற்கின்றன. முதல் முறை பயணம் செய்யும் ஒருவர் சீனக்குடாவில் விமானம் ஏறலாம் என்றே எண்ணிப் பணத்தைக் கட்டிவிட வாய்ப்பு உண்டு. ஊரின் பெயரைக் கேட்டவுடன், அங்கிருந்து ஒழுங்கான பயணிகள் சேவை உண்டா, இல்லையென்றால் அருகிலுள்ள சர்வதேச நிலையம் எது, அதற்கு வீதியால் எவ்வளவு தூரம் என்னும் மூன்றையும் அந்தப் பொத்தானுக்கு மேலே காட்டினால், இந்தச் சேவையை நான் எந்தத் தயக்கமும் இன்றி எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். அதுவரை, தூரத்தை அங்கே பார்த்துக்கொண்டு, நேரத்தை விமான நிறுவனத்தின் கால அட்டவணையிலும், வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய நேரத்தை அந்த வழியில் வாகனம் ஓட்டும் சாரதியிடமும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.